இரவு பத்து மணி வெயில்

சித்திரை மாதத்தில் ஏதாவது ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், நாற்காலி போட்டு ஏறி உங்கள் வீட்டுச் சீலிங்கை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஏறுங்கள், அது முக்கியம். மேலே மாடி இல்லாத வீடாக இருந்தால் கை சட்டென்று பின்வாங்கும். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருக்கும். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே தெருவில் லேசாகக் காற்றுகூட வீசிக்கொண்டிருக்கும். உள்ளே மட்டும் வெயில் இன்னும் அடங்கவில்லை.

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அவர்கள் அந்த வீட்டைத் தை மாதத்தில் பார்த்து முன்பணம் கொடுத்திருப்பார்கள். "மேல் வீடு சார், நல்லா காத்து வரும்" என்று தரகர் சொன்னது பொய்யில்லை. காற்று வரத்தான் செய்யும். அது எந்தச் சூட்டில் வரும் என்பது பங்குனி கடைசியில்தான் தெரியவரும்.

வெப்பம் வீட்டுக்குள் நுழையும் வழி எது என்று கேட்டால் பலரும் ஜன்னலைக் காட்டுவார்கள், சிலர் மேற்குச் சுவரைக் காட்டுவார்கள். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கட்டடப் புத்தகங்களும் சுவருக்கும் ஜன்னலுக்கும்தான் அதிகப் பக்கம் ஒதுக்கும். நம் அட்சரேகையில் கணக்கு வேறு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் நடுவில் ஒருமுறையும் சூரியன் நட்டநடுத் தலைக்கு மேல் வருகிறது. மதுரையில் அது ஏப்ரல் நடுவிலேயே நடந்துவிடும். அந்த நாட்களில் நண்பகல் வெயில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறது, மொட்டைமாடியில் செங்குத்தாக விழுகிறது. மேகமில்லாத உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் வந்து இறங்கும். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சக்தி அது. பழைய சிமென்ட் தரை அதில் 70 சதவீதத்துக்கும் மேல் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் காற்று 40 டிகிரி என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் மொட்டைமாடித் தரை 60 டிகிரியைத் தொடுகிறது.

விழுங்கிய வெப்பம் எங்கே போகிறது? பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஐந்து அங்குல கான்கிரீட் தளம். அதன் எடை கிட்டத்தட்ட 2,800 கிலோ. நன்கு வளர்ந்த ஒரு பெண் யானையின் எடை அவ்வளவுதான் இருக்கும். அந்த யானையை நம் தலைக்கு மேல் படுக்கவைத்துக்கொண்டுதான் தூங்குகிறோம். விடியற்காலைக்கும் மாலைக்கும் இடையில் அதன் உடம்பு சராசரியாக 15 டிகிரி ஏறுகிறது என்று வைத்தால், அதில் சேரும் வெப்பம் மின்சாரக் கணக்கில் சுமார் 10 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டரைப் பத்து மணி நேரம் ஓட விட்டதற்குச் சமம். ஊட்டியில்கூட யாரும் அப்படி ஓட விடமாட்டார்கள்.

இந்த வெப்பம் உடனே கீழே இறங்குவதில்லை. கான்கிரீட் வழியாக வெப்பம் ஊர்ந்துதான் வரும். ஐந்து அங்குலத்தைக் கடக்க அதற்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். மேலே பகல் ஒன்றரை மணிக்கு வந்த உச்சம் சீலிங்கில் மாலை ஐந்து மணிக்குத்தான் வந்து சேரும். அலுவலகம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு ஃபேனைப் போடும் நேரம். பிறகு அந்த யானை நள்ளிரவு வரை மெதுவாக ஆறிக்கொண்டிருக்கும். ஒரு பங்கு வெப்பம் வானத்துக்குப் போகும், மிச்சம் நமக்கு.

நமக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சூடான காற்று மேலே நிற்கும், தானாகக் கீழே இறங்காது. ஆகவே சீலிங் நம்மைச் சுடுவது காற்றின் வழியாக அல்ல, கதிர்வீச்சின் வழியாக. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை அது நேராக நம் மேல் வீசுகிறது. 30 டிகிரியில் இருக்கும் சீலிங்கோடு ஒப்பிட்டால், 40 டிகிரி சீலிங்கின் ஒவ்வொரு சதுர மீட்டரும் கூடுதலாக 60 வாட் அளவுக்கு வீசும். ஒன்பது சதுர மீட்டர் அறைக்கு ஒன்பது குண்டு பல்புகளைக் கட்டித் தொங்கவிட்டு, வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்ட மாதிரி. இதில் ஃபேன் வேறு. மேலே ஒதுங்கி நிற்கும் அனல் காற்றை வாரி எடுத்து நம் மேலேயே அடிக்கிறது. "ஃபேன் போட்டா அனல் அடிக்குது" என்று வீட்டில் சொல்வது வெறும் சலிப்பு இல்லை. இயற்பியல் தவறாமல் சொல்லப்பட்ட வாக்கியம் அது.

இந்த இடத்தில் தாத்தா வீட்டுப் பேச்சு வந்தே தீரும். அந்தக் காலத்து வீடுகள் ஏசி இல்லாமலேயே ஜில்லென்று இருக்கும் என்று சொல்லாதவர் இல்லை. அதில் பாதி உண்மை. மெட்ராஸ் டெரஸ் என்று பெயரெடுத்த கூரையில் தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு, அதற்கும் மேல் தட்டோடு. கான்கிரீட் வந்த பிறகும் அந்த மேல் அடுக்கு மட்டும் நம் வீடுகளில் தொடர்ந்தது. சுருக்கி போடுவது என்று அதற்குப் பெயர்.

சுருக்கி போடும் நாட்களில் தெருவே அதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். முதல் நாள் சத்தம் சொத் சொத்தென்று ஈரமாக விழும். இரண்டாம் நாள் கொஞ்சம் இறுகும். மூன்றாம் நாளுக்கு மேல், அடித்த கட்டை கையில் எகிறித் திரும்பத் தொடங்கும்போது சத்தம் மாறிவிடும், டக் டக்கென்று காய்ந்த மரத்தைத் தட்டுவதுபோல. எதை நிறுத்துவது, எங்கே இன்னும் தட்டுவது என்று மேஸ்திரி கீழே நின்றபடியே காதால் சொல்லுவார். இவ்வளவு கூலிக்கும் நாளுக்கும் இன்று யாரிடமும் பொறுமையில்லை. இரசாயனப் பூச்சு ஒன்றைத் தடவி மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் சுருக்கியின் முதல் வேலை வெப்பத்தைத் தடுப்பது அல்ல, தண்ணீரைத் தடுப்பது. மழைநீர் தேங்காமல் ஓடுவதற்கான வாட்டத்தை அதில்தான் கொடுப்பார்கள். செங்கல் ஜல்லிக்குள் நுண்ணிய துளைகள் இருப்பதால் கான்கிரீட்டைவிட அது வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது, தடிமன் கூடுவதால் உச்சவெப்பம் வருவது இன்னும் சில மணி நேரம் தள்ளிப்போகிறது. அவ்வளவுதான். தாத்தா வீட்டின் குளிர்ச்சியில் பெரும்பங்கு பன்னிரண்டு, பதினான்கு அடி உயரச் சீலிங்குக்கும், சுற்றியிருந்த தாழ்வாரத்துக்கும், பகலில் சாத்தி இரவில் திறந்த ஜன்னல்களுக்கும், வாசல் வேப்பமரத்துக்கும் உரியது. அதே சுருக்கியை ஒன்பதரை அடி உயர ஃபிளாட்டின் மேல் போட்டுவிட்டுத் தாத்தா வீட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

உண்மையான வெப்பத்தடுப்பு என்பது அசையாத காற்று. காற்றைப்போல வெப்பத்தைக் கடத்தச் சோம்பல்படும் பொருள் மலிவாகக் கிடைப்பது அரிது. ஆனால் அதை ஓடவிடக் கூடாது, சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைக்க வேண்டும். தெர்மாகோலுக்குள் இருப்பது காற்றுதான். தெர்மாகோலில் 98 சதவீதம் காற்று, மிச்சம் இரண்டு சதவீதம் பிளாஸ்டிக் அந்தக் காற்றுக்குக் காவல். ஒரே தடிமனில் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட அது கடத்தாது. கீற்றுக் கொட்டகை, வைக்கோல் வேய்ந்த கூரை, கண்ணாடிக் கம்பளி, பஃப் என்று ஏசிக் கடைக்காரர்கள் சொல்லும் பாலியூரித்தேன் நுரை எல்லாவற்றின் ரகசியமும் இதுவே. மொட்டைமாடியில் மண்பானைகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி மேலே பூசும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அதுவும் காற்றை அடைத்துவைக்கும் வித்தைதான். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஃபில்லர் தளத்தில் கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் மங்களூர் ஓடுகளைப் புதைப்பார்கள். அந்தப் பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி மட்டுமே, கான்கிரீட் சும்மா எடையாகத்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு ஓடுகளையும் காற்றையும் வைத்தால் சிமென்டும் மிச்சம், சூடும் கொஞ்சம் மட்டுப்படும்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதில் விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. தடுப்பே இல்லாத தளத்தின் மேல் ஓர் அங்குலம் நல்ல நுரைப்பலகை வைத்தால் உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். இன்னோர் அங்குலம் வைத்தால் ஆறில் ஒரு பங்கு. நான்கு அங்குலமே வைத்தாலும் பன்னிரண்டில் ஒரு பங்குக்குத்தான் போகும். முதல் அங்குலம் செய்யும் வேலையை அடுத்த மூன்று அங்குலங்கள் சேர்ந்தும் செய்யாது. ஐரோப்பாவில் பத்து அங்குலம் போடுகிறார்களே என்றால், அங்கே உள்ளும் வெளியும் 25, 30 டிகிரி வித்தியாசம் மாதக்கணக்கில் நிற்கிறது. நமக்கு அது தேவையில்லை. குடியிருப்புகளுக்காக 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா விதியும் கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்றுதான் கேட்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அந்த எண் 3-க்கும் மேல். ஓர் அங்குலத்திலேயே விதிக்குள் வந்துவிடலாம்.

தடிமனைவிடப் பெரிய கேள்வி, அதை எங்கே வைப்பது என்பது. நம் ஊரில் பெரும்பாலும் கீழேதான் வைக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங் கட்டி, மேலே தெர்மாகோலைச் செருகி, நடுவில் நாலு எல்.இ.டி. விளக்கு வைத்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் யானை வெயிலிலேயே கிடக்கிறது. பகல் முழுக்கச் சுட்டு, விரிந்து, இரவில் சுருங்கி, சில வருடங்களில் விரிசல்விட்டு ஒழுகவும் தொடங்குகிறது. தடுப்பை மேலே வைத்தால் தளம் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் 2,800 கிலோ குளிர்ந்த கல் பகலில் அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எதிரியாக இருந்த அதே யானை இப்போது நம் பக்கம். இரவில் ஜன்னலைத் திறந்துவைத்து அதை ஆறவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. மேலே மூடிவிட்டு ஜன்னலையும் சாத்தினால், அடுப்புச் சூடும் ஆள் சூடும் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றும்.

கீழே வைப்பதற்கும் ஓர் இடம் உண்டு. இரவில் மட்டும் ஏசி போட்டுத் தூங்கும் அறையில், ஏசி முதலில் அந்த யானையைக் குளிரவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. அறை சீக்கிரம் குளிரும், கரண்ட் பில்லும் குறையும். வாடகை வீட்டில் மொட்டைமாடியில் கைவைக்க உரிமையில்லாதவர்களுக்கும் வேறு வழியில்லை.

மேலே வைக்கும்போது கெடுப்பது தண்ணீர். நனைந்த தடுப்பு, தடுப்பே அல்ல. காற்று இருந்த அறையில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது வெப்பத்தை இருபது மடங்குக்கும் மேல் கடத்தும். டிவி பெட்டிக்குள் வரும் சாதாரணத் தெர்மாகோலைத் தளத்தில் புதைத்தால் ஐப்பசி மழையில் ஊறிவிடும், மேலே நடந்தால் நசுங்கியும் போகும். மூடிய கண்ணறைகள் கொண்ட எக்ஸ்.பி.எஸ். பலகைதான் தாங்கும். முதலில் நீர்த்தடுப்பு, அதன்மேல் பலகை, அதன்மேல் சிமென்ட் பூச்சு, கடைசியில் ஓடு. இந்த வரிசை தவறினால் செலவு முழுவதும் வீண்.

இன்னொரு வீண்செலவு, பளபளக்கும் அலுமினியத் தாள். தாள் நல்லதுதான். தன் மேல் விழும் அகச்சிவப்புக் கதிரில் 95 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், தானும் அதிகம் வீசாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் நாலு விரல் இடைவெளிவிட்டு அதைக் கட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்கு எதிரே காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் கான்கிரீட் ஒட்டிக்கொண்டிருந்தால் கதிர்வீச்சுக்கு ஏது இடம்? அப்போது அது வெறும் உலோகம், சோற்றுப் பானையைப்போல வெப்பத்தைக் கடத்தும். தளத்துக்குள் தாளைப் புதைத்துக் காசு வாங்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனையும் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதுதான் இருப்பதிலேயே மலிவு. வெள்ளையடிப்பது. புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தளம் விழுங்குவது 700 வாட்டிலிருந்து 200 வாட்டாக இறங்குகிறது. குளிர்நாட்டுக் கூரை உள்ளிருக்கும் சூட்டைக் காக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்குப் போர்வை முதலில் வருகிறது. நமக்குச் சூட்டை ஏறவிடாமலேயே செய்ய முடியும், ஆகவே நிறம் முதலில், தடுப்பு அப்புறம். 2010 மே மாத வெப்ப அலையில் அடிபட்ட அகமதாபாத் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்று மாநிலக் கொள்கையே அறிவித்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் பேரியம் சல்பேட்டை வைத்து 98.1 சதவீதம் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டே செய்துவிட்டார்கள்.

பளபளப்பும் வெண்மையும் ஒன்றல்ல. புதுத் தகரம் கண்ணைக் கூசவைக்கும், ஆனால் மத்தியானம் தொட்டால் கை வெந்துவிடும். தகரம் வெயிலைத் திருப்புவது ஓரளவுக்குச் சரி. ஆனால் விழுங்கிய கொஞ்சத்தையும் கதிராக வெளியே வீச அதற்குத் தெரியாது, மனதில் வைத்துக்கொண்டே கொதிக்கும். சுண்ணாம்பு வெயிலையும் திருப்பும், தன் சூட்டையும் வானத்துக்குத் தாராளமாக வீசிவிடும்.

வானத்துக்கு வீசுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அலகாபாத்தில் இருந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குளிர்கால இரவுகளில் அங்கே திறந்தவெளியில் ஐஸ் செய்தார்கள். ஆழமில்லாத குழி வெட்டி, காய்ந்த கரும்புச் சக்கையையும் சோளத்தட்டையையும் கனமாகப் பரப்பி, அதன்மேல் தட்டையான மண்சட்டிகளில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் மேலே ஐஸ் கட்டியிருக்கும். சட்டியின் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்தது ஒரு காரணம், தெளிந்த வானம் சூட்டை இழுத்துக்கொண்டது பெரிய காரணம். கீழே இருந்த தட்டை, பூமியின் சூடு ஏறாமல் மறித்தது. மேலே திறப்பு, கீழே தடுப்பு. நம் கூரைக்கு வேண்டியதன் தலைகீழ் வடிவம் அது. நம் கடற்கரை ஊர்களில் வானம் இப்படி இழுத்துக்கொள்ளாது. காற்றில் இருக்கும் ஈரப்பதம் நாம் வீசும் கதிரைப் பாதி வழியில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். தருமபுரியிலும் கோவையிலும் மொட்டைமாடியில் படுத்தால் பின்னிரவில் போர்வை தேடவேண்டியிருக்கிறது, சென்னையில் தலையணைதான் நனைகிறது.

தண்ணீர் ஊற்றலாமே என்று கேட்பீர்கள். கணக்கு நமக்கு ஆசைகாட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். யானையிடம் இருக்கும் 10 யூனிட்டையும் வாங்கிக்கொண்டு போக 15 லிட்டர் போதும், ஒரே ஒரு பக்கெட்! ஆனால் மாலையில் நாம் கொட்டும் பக்கெட் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாவதற்குள் மழைநீர்க் குழாயில் இறங்கிவிடுகிறது. ஈரச் சாக்கை விரித்துவைத்தால் நிற்கும். நாளும் அதற்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், மோட்டார் போட வேண்டும், கோடையில் அந்தத் தண்ணீரும் லாரியில் வருகிறது.

கீற்றுக் கொட்டகையைப் பற்றி இவ்வளவு நேரம் நழுவிக்கொண்டே வந்தேன். வெப்பத்தடுப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அதற்கு ஈடில்லை. நிழல், அடைபட்ட காற்று, ஓரங்களில் காற்றோட்டம் மூன்றும் ஒரே பொருளில். அதனால்தான் பள்ளிகளின் மேல்மாடிகளில்கூட அது ஏறியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்றதும் அதே கீற்றுக் கூரையில் பற்றிய தீதான். தெர்மாகோலும் எரியும், நுரையும் எரியும், நச்சுப்புகையும் வரும். சீலிங்குக்கு அடியில் அவற்றை மூடாமல் விடக்கூடாது என்பதையும், ஒயர் ஓடும் இடத்தில் ஒட்டக்கூடாது என்பதையும் விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

ஃபிளாட்டுகளில் இன்னொரு சிக்கல். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, அதன் சூடு மட்டும் மேல்வீட்டுக்காரருக்குத் தனி. கூரைக்குச் செலவு செய்வோம் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினால் தரைத்தளத்துக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயிண்ட் கம்பெனி, மூன்று விலைப்புள்ளி, அடுத்த கூட்டம் என்று வைகாசி வந்துவிடும். கடைசியில் மேல்வீட்டுக்காரரே ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் வாங்கிவந்து இறங்கிவிடுவார்.

அப்படி இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசியில் அடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை கழுவிவிடும், மீதியைப் பாசி கறுப்பாக்கிவிடும். மழை முடிந்து பாசி காய்ந்ததும், மாசியில், துடைப்பமும் இரும்பு பிரஷ்ஷும் வைத்துத் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். மறுநாள் விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள், படிக்கட்டுக் கதவுக்கு எதிர்மூலையில் தொடங்கிப் பின்னோக்கி வந்துகொண்டே ஒரு கை அடியுங்கள். மாலையில் அதற்குக் குறுக்கே இன்னொரு கை. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலம் மட்டும் அடிக்காமல் விடுங்கள். சித்திரை வந்ததும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தரைத்தளத்துக்காரரை மேலே அழைத்துவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு காலை வெள்ளையிலும் ஒரு காலை அந்த முழ அகலத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.